நாகஜோதி பற்றிய தனியாள் ஆய்வு

ஜனவரி 20, திங்கள்

இன்றிலிருந்து ஆறு வாரம் நான் டீச்சர். நாலு வருஷம் இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு படித்தது போதாதாம். மேலே ஒரு வருஷம் ஆசிரியர் பயிற்சி முடித்தால்தான் பள்ளிக்கூடத்தில் வேலை. அந்த ஒரு வருஷத்தில் இந்த ஆறு வாரம் நிஜப் பள்ளியில் நிஜப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்கு வாய்த்தது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பெண்கள் பள்ளி. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் நாற்பது நிமிஷம். புடவை கட்டாயம். முதல் நாளே பஸ் படியில் தடுக்கி, முந்தானையில் குத்தியிருந்த ஊக்கு எங்கேயோ போயிற்று.

பள்ளியில் இசை டீச்சர் கிடையாது. ஒன்பது வருஷமாக அந்த இடம் காலி. எனக்கு வழிகாட்டியாக யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? தையல் டீச்சரை! லூர்து மேரி டீச்சர். ஆள் பற்றாக்குறையில் ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவுக்கு வகுப்பாசிரியையும் அவர்தான். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க நின்றுகொண்டு, "பாட்டப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாதும்மா. நீ ஒன் இஷ்டத்துக்கு நடத்து. வாரா வாரம் ரெக்கார்டக் கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றார். நல்ல மனுஷி.

கால அட்டவணையில் இசைப் பீரியட் இருக்கிறது. இத்தனை வருஷமும் அதில் கணக்கு நடந்திருக்கிறது.

ஜனவரி 21, செவ்வாய்

ஒன்பது ஆ. ஐம்பத்திரண்டு பேர். பாடத்திட்டத்தில் "ஆர்வமூட்டல் ஐந்து நிமிடம்" என்று எழுதிக்கொண்டு போனேன். ஒன்றும் ஊட்ட முடியவில்லை. போனில் சுருதியை ஓடவிட்டு ஸ சொல்லச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் கத்துகிறார்கள். ஐந்தரைக் கட்டையில் மூணு காலமும் வர்ணம் பாடுகிற என் தொண்டை, நாற்பது நிமிஷத்தில் கட்டிக்கொண்டது.

பயிற்சி முடிவில் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய ரெக்கார்டில் ஐம்பது மார்க் தனியாள் ஆய்வுக்கு. ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, ஆறு வாரமும் வகுப்புக்கு வகுப்பு அவளைக் கவனித்து எழுத வேண்டும். ஒன்பது ஆவுக்கு செவ்வாயும் வெள்ளியும் பாட்டு, ஆக மொத்தம் பன்னிரண்டு பதிவு. நன்றாகப் பாடுகிறவளை எடுத்தால் எழுத ஒன்றுமே இருக்காது என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். முன்னேற்றம் தெரிய வேண்டுமாம்.

மூன்றாவது வரிசையில் ஒருத்தி வாயையே திறக்கவில்லை. உதடு மட்டும் அசைகிறது, சத்தம் இல்லை. பேர் நாகஜோதி. சரி, இவள்தான்.

ஜனவரி 24, வெள்ளி

இன்று ஒன்று நடந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பது ஆவுக்கு முதல் பீரியடே பாட்டு. நாகஜோதியைத் தனியாக எழுப்பி, ஸ சொல்லு என்றேன். நின்றாள். சொல்லுடி என்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "அவ ஊமக்கொட்டான் மிஸ்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு டஸ்டரை மேஜையில் போட்டு உடைத்திருப்பேன்.

அப்போதுதான் உறைத்தது. நான் சுருதி வைத்திருப்பது எனக்கு. எட்டு வயசிலிருந்து என் காதில் ஓடுகிற ஐந்தரைக் கட்டை. இந்தப் பிள்ளைக்கு அது எட்டுமா என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? போனில் சுருதியை இறக்கினேன். நாலு கட்டை. "இப்பச் சொல்லு" என்றேன்.

ஸ என்றாள். கனமான குரல், அசங்காத குரல். சுருதியோடு ஒட்டி நின்றது. வகுப்பு சத்தமில்லாமல் கேட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை.

லூர்து மேரி டீச்சர் ரெக்கார்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். இந்தாங்க, இதைப் படிங்க டீச்சர் என்று சொல்லலாமா என்று இருந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

நாகஜோதி: ஸ ரி க. க கொஞ்சம் இறங்குகிறது. மதியம் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிஷம் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். சாம்பார் சாதத்தை மூடி வைத்துவிட்டு வந்தாள். அப்பா இல்லை. அம்மா அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை. தாய்மாமன் வீட்டில்தான் குடியிருக்கிறார்களாம்.

ஆறாம் வகுப்பில் ஒரு வாண்டு என் புடவையில் இங்க் தெளித்துவிட்டது.

ஜனவரி 31, வெள்ளி

நாகஜோதி பஞ்சமத்தைத் தொட்டாள்! ஸ ரி க ம ப. கீழே இறங்கியும் வந்தாள். வகுப்பு கை தட்டியது.

மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் கேள்வி. "பாட்டுப் படிச்சா டீச்சர் வேல கெடைக்குமா மிஸ்? எத்தன வருசம் படிக்கணும்? ஆஸ்டல்ல சேத்துக்குவாங்களா?" பத்து முடித்துவிட்டு வா, கல்லூரியில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். "இப்பவே சேத்துக்க மாட்டாங்களா?" என்றாள். இப்பவே எப்படிடி சேர்ப்பார்கள் என்று சிரித்தேன்.

அப்புறம், "ஒங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைல மிஸ்? வீட்ல எதுவும் சொல்லலையா?" வயசுக்கு மீறின பேச்சு. போய்ச் சாப்பிடு என்று விரட்டினேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பதினாறாம் தேதி எனக்குக் கச்சேரி. ஒரு சபாவில் இளையோர் வரிசையில் முக்கால் மணி நேரம். கம்பத்திலிருந்து அப்பா வருகிறார். மைக் செட் வாடகைக்கு விடுகிற மனுஷன், தன் பெண்ணுக்கு அடுத்தவன் மைக் வைப்பதைப் பார்க்கப் போகிறார். போனில் பத்து தடவை கேட்டுவிட்டார், எந்த கம்பெனி ஸ்பீக்கர் என்று.

பாடிப் பழக நேரம் வேண்டும். ஆகவே ஹாஸ்டலில் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். ரெக்கார்டில் மிச்சம் இருக்கிற எட்டுப் பதிவையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். போன வருஷத்து அக்கா ஒருத்தியின் ரெக்கார்டு மாதிரிக்கு இருந்தது. அவள் தனக்கு முந்தின வருஷத்து ரெக்கார்டைப் பார்த்து எழுதியவள். கஷ்டமே இல்லை. நாலாம் தேதி தைவதம். ஏழாம் தேதி நிஷாதம், ஏழு ஸ்வரமும் ஆயிற்று. இருபத்தொன்றாம் தேதிக்குள் சரளி வரிசை முழுசும். இருபத்தெட்டாம் தேதி மூன்று காலத்திலும் பாடி, "தன்னம்பிக்கை மேம்பட்டு, சக மாணவியரை வழிநடத்துகிறாள்" என்று முடித்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது.

இதில் தப்பென்ன? அவள் எப்படியும் பாடத்தான் போகிறாள். நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நாகஜோதி வந்தாள். பாடவில்லை. தொண்டை சரியில்லையாம். மதியம் வந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். "வெள்ளிக்கெழம வர மாட்டேன் மிஸ்" என்றாள்.

"ஏன்?"

"வீட்ல விசேஷம்."

"யாருக்கு?"

நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து ஹேமலதா மேடம் என் வகுப்பைப் பார்க்க வருகிறார். இவளைக் காட்டித்தான் மார்க் வாங்கலாம் என்றிருந்தேன். "உனக்காக நான் சுருதியையே மாத்தினேன், நீ விசேஷத்துக்குப் போறியாக்கும்" என்று நன்றாகக் கொடுத்தேன். எழுந்து போய்விட்டாள். விசேஷம் என்றால் இந்த ஊரில் எல்லாருக்கும் லீவு போட ஒரு சாக்கு.

பிப்ரவரி 7, வெள்ளி

ஹேமலதா மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். கையில் மார்க் தாள். நாகஜோதி வரவில்லை. வழக்கம்போல அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட வாய் எடுத்து, நிறுத்திக்கொண்டேன். அவள் பக்கத்து இடத்துக்காரி சுபாஷிணி, "மிஸ், அவ..." என்று எழுந்தாள். மேடம் இருக்கும்போது இது என்ன இடைஞ்சல்! உட்காரு என்று கண்ணைக் காட்டினேன். உட்கார்ந்தாள்.

வகுப்பு நன்றாகப் போயிற்று. "குரல் கட்டுப்பாடு அருமை, வகுப்புக் கட்டுப்பாடும் பரவாயில்லை" என்றார் மேடம். இந்த வகுப்புக்கான பதிவில் "நாகஜோதி நிஷாதம் வரை சுருதி பிசகாமல் பாடினாள்" என்று ஏற்கெனவே இருக்கிறது. மேடம் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். இன்றைக்கு வகுப்பில் யார் யார் என்று அவருக்குத் தெரியாதே.

லூர்து மேரி டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 10, திங்கள்

ஐயோ! நாளைக்குத் தைப்பூசம், பள்ளி விடுமுறை. என் ரெக்கார்டில் நாளைக்கு நாகஜோதி சரளி வரிசை ஆரம்பிக்கிறாள். ஒயிட்னர் வைத்து 11 ஐ 12 ஆக்கினேன். பன்னிரண்டாம் தேதி புதன், ஒன்பது ஆவுக்குப் பாட்டே கிடையாது. ஈடுசெய் வகுப்பு என்று பக்கத்தில் குட்டியாக எழுதினேன். பிழைத்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

நாகஜோதி இன்றும் இல்லை. எங்கே என்றேன். "ஊருக்குப் போயிட்டா மிஸ்" என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுபாஷிணி சிரிக்கவில்லை.

லூர்து மேரி டீச்சரிடம் கேட்டேன். மிஷினில் ஊசி கோர்த்துக்கொண்டே, "காச்சல்னு சொன்னாக. நீ ஒன் வேலயப் பாரும்மா" என்றார். மேஜையில் வருகைப் பதிவேடு விரித்திருந்தது. நாகஜோதிக்கு நேரே ஏழாம் தேதியும் வந்ததாக இருக்கிறது, பத்தும் இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். "பிள்ளைக எண்ணிக்க கொறஞ்சா டீச்சர் போஸ்ட எடுத்துருவாங்க. யாரு வந்தாலும் வராட்டியும் இங்க வந்த மாதிரிதான்" என்றார்.

எனக்கு முதலில் தோன்றியதை எழுதிவிடுகிறேன். அப்பாடா, ரெக்கார்டும் பதிவேடும் ஒத்துப்போகிறது என்றுதான் தோன்றியது.

பிப்ரவரி 16, ஞாயிறு

கச்சேரி அமோகம்! அப்பா அழுதுவிட்டார். திண்டுக்கல்லில் ஒரு பள்ளித் தாளாளர் வந்திருந்தார். பயிற்சிச் சான்றிதழோடு ஜூன் மாதம் வா, பாட்டு டீச்சர் இடம் உனக்குத்தான் என்று அப்பா எதிரிலேயே சொன்னார். அப்பா ராத்திரி பஸ் ஏறுவதற்குள் ஊர் முழுக்கப் போன் போட்டுவிட்டார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

இல்லை. கையெழுத்து வாங்கியாயிற்று.

பிப்ரவரி 24, திங்கள்

நிதானமாக எழுதுகிறேன்.

பதினோரு மணிக்குத் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். அறையில் ஒரு அம்மாள் இருந்தார், குழந்தைகள் நலனுக்கான அரசு அதிகாரி. ஒன்பது ஆ நாகஜோதிக்கு ஏழாம் தேதி காலையில் கல்யாணம் நடந்துவிட்டதாக உதவி எண்ணுக்கு யாரோ போன் செய்திருக்கிறார்கள். பதினாலு வயசுப் பிள்ளைக்கு. மாப்பிள்ளை அவளுடைய தாய்மாமனின் மச்சினன், முப்பத்தொரு வயசு.

வீட்டில் விசாரித்தால் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்கிறார்களாம். பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது, இரண்டு நாளாகக் காய்ச்சல், சித்தி வீட்டில் இருக்கிறது, வந்ததும் கூட்டி வருகிறோம் என்கிறார்கள்.

தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டைக் காட்டினார். ஏழாம் தேதி வந்திருக்கிறாள். அதிகாரி அதை நம்பினமாதிரி தெரியவில்லை. "பதிவேடெல்லாம் நானும் நெறையப் பாத்திருக்கேங்க" என்றார். அப்போது தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி, "இதக் கேளுங்க மேடம். இந்தப் பொண்ணு எங்க ஸ்டாஃப் கெடையாது, காலேஜ்லருந்து பயிற்சிக்கு வந்தது. நாகஜோதியப் பத்தி மட்டுமே தனியா எழுதிட்டு வருது. எங்களுக்காகப் பொய் எழுதணும்னு இதுக்கு என்ன தலையெழுத்து?" என்றார். "ரெக்கார்டக் குடும்மா."

கொடுத்தேன்.

அதிகாரி ஒவ்வொரு வரியாகப் படித்தார். 7.2, வெள்ளி, முதல் பீரியட், நிஷாதம் வரை சுருதி பிசகாமல் பாடினாள். கீழே கையெழுத்து. போனில் படம் எடுத்துக்கொண்டார். அவர் விரல் தாளின் ஓரத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பியிருந்தால், நாளைக்கும் வெள்ளிக்கிழமையும் நாகஜோதி பாடி முடித்திருப்பதைப் பார்த்திருப்பார். திருப்பவில்லை.

"ஏழாம் தேதி அந்தப் பொண்ணு கிளாஸ்ல இருந்தாளாம்மா?"

"ரெக்கார்டுல இருக்குங்க மேடம்."

நான் பொய் சொல்லவில்லை. ரெக்கார்டில் இருக்கிறது என்றேன். இருக்கிறதுதானே.

"பொய்ப் புகார்னுதான் எழுதணும் போல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஒன்பது ஆ இன்று பாடவில்லை. ஸ என்றேன். ஐம்பது பேரும் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். சுருதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சுபாஷிணி எழுந்தாள். இந்தத் தடவை உட்காரச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "மிஸ், ஏழாம் தேதி நாகஜோதி பாடுனான்னு எழுதியிருக்கீங்களாமே? அந்த மேடம் சொன்னாங்க. போன் பண்ணது நான்தான். என்னக் கூப்ட்டு, இனிமே இப்படி வெளாடாதன்னு வஞ்சுட்டுப் போயிட்டாங்க."

போனை எடுத்துச் சுருதியை நிறுத்தினேன்.

"எங்க வீட்ல கல்யாணத்துக்குப் போயிட்டு என்னைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டாங்க. அன்னைக்கே ஒங்ககிட்டச் சொல்லத்தான் எந்திரிச்சேன். நீங்க உக்காரச் சொல்லிட்டீங்க" என்றாள். குரல் நடுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம். என் மேல் அவ்வளவு கோபம்.

பிப்ரவரி 26, புதன்

காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. சாதகம் பண்ண உட்கார்ந்தேன். ஐந்தரைக் கட்டையில் ஸ பிடித்தால் இரண்டு நிமிஷத்தில் அழுகை முட்டுகிறது. வேறு கட்டை வைத்துப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான்.

இப்போது சொன்னால் ரெக்கார்டு பொய் என்று ஆகும். ரெக்கார்டு பொய் என்றால் பயிற்சி செல்லாது. பயிற்சி செல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை, திண்டுக்கல் இல்லை. அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது?

சொல்லாவிட்டால் அவள் அந்த வீட்டில் இருப்பாள். இவ்வளவுதான் கணக்கு. இதற்கு எதற்கு எனக்கு ஒரு நாள் முழுக்க?

பிப்ரவரி 27, வியாழன்

லூர்து மேரி டீச்சரிடம் பேசினேன். கதவைச் சாத்தினார். "மே மாசம் நான் ரிட்டயர் ஆகுறேன். பதிவேட்டுல என் கையெழுத்து, ஒன் ரெக்கார்டுலயும் என் கையெழுத்து. நீ சொன்னா நானும் சேந்து போவேன்மா" என்றார். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. பிறகு மிஷினில் உட்கார்ந்து ஏதோ தைத்தார். நான் கிளம்பும்போது, "அந்தப் பிள்ள எங்கிட்டயும்தான் வந்து நின்னுச்சு. விசேஷம்னுச்சு. யாருக்குன்னு நான் கேக்கல. கேட்டா சொல்லிரும்னு தெரியும்" என்றார்.

நான் கேட்டேன். யாருக்கு என்று கேட்டேன். பதில் வராதபோது விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

கல்லூரியில் ரெக்கார்டு ஒப்படைப்பு. ஹேமலதா மேடம் என்னுடைய தனியாள் ஆய்வை எல்லார் எதிரிலும் எடுத்துப் பேசினார். "இதுதான் ஆய்வு. சுருதிய எறக்கி வச்சு ஒரு பிள்ளையோட வாயத் தெறந்திருக்கா பாருங்க. அங்கயற்கண்ணி, நாப்பத்தெட்டு. இத ஜெராக்ஸ் போட்டு வைக்கணும், அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்கு மாதிரியா இருக்கும்."

ஜெராக்ஸ் என்ற சொல்தான் என்னை எழுப்பியது. அடுத்த வருஷம் எவளோ ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதைப் பார்த்து எழுதுவாள்.

எல்லாரும் போனபிறகு, ரெக்கார்டைத் திருப்பிக் கேட்டேன். ஏன் என்றார். சொன்னேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் ரெக்கார்டை ஏழாம் தேதிப் பக்கத்தில் திறந்தார். "எல்லாரும் இப்படித்தானேம்மா எழுதுறாங்க. எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி நானும் ஒரே நாள்ல ஒக்காந்துதான் எழுதினேன்" என்றார். "நீ இத எழுத்து மூலமா சொன்னா நான் மேல அனுப்பித்தான் ஆகணும். ஒரு வருஷம் போயிடும். தெரியுமில்ல?"

தெரியும் மேடம் என்றேன்.

"ஒக்காரு" என்று தன் நாற்காலியைக் கொடுத்தார். அவர் பேனாவிலேயே எழுதினேன். அடித்து அடித்து எழுதியதில் ஒரு தாள் வீணாயிற்று. மேடம் ஆட்டோ பிடித்துக் கூடவே வந்தார்.

அலுவலகம் மூடுகிற நேரம். அதிகாரி ரெக்கார்டை விரித்து வைத்து, "எது நெசம், எது பொய்யின்னு நீயே அடிச்சுக் காட்டு" என்றார். எட்டுப் பதிவை அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். நாலு மிஞ்சியது.

"இத திங்கக்கெழமையே சொல்லியிருந்தா நாலு நாளு முன்னாடியே போயிருப்போம்" என்றார். திட்டவில்லை. சும்மா சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 1, சனி

அப்பாவிடம் போனில் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். "இருக்கேன்" என்றார். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு எத்தன வயசுன்னு சொன்ன?" என்றார். பதினாலு என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மார்ச் 5, புதன்

நேற்று அவளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சித்தி வீட்டில் இல்லை. மாப்பிள்ளை வீட்டில், பின்கட்டில். மாமன் மேலும் அவன் மேலும் வழக்கு. நாகஜோதியை இங்கே குழந்தைகள் இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள். பத்து நிமிஷம் விசும்பி அழுதேன். நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

கல்லூரிக் கடிதம். இவ்வாண்டுப் பயிற்சி செல்லாது. அடுத்த ஆண்டு முதலிலிருந்து பயிலலாம். லூர்து மேரி டீச்சருக்குத் துறை விசாரணையாம். அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

திண்டுக்கல் தாளாளருக்கு நானே எழுதிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

அதிகாரி போன் செய்தார். "அந்தப் பொண்ணு பாட்டு மிஸ்ஸப் பாக்கணும்னு கேக்குது. அனுமதி வாங்கியிருக்கேன், வாம்மா."

போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். மறைப்பானேன், அவள் நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அதெல்லாம் வேண்டாம்மா, நான் என் கடமையைத்தான் செய்தேன் என்று சொல்லக்கூட வாக்கியம் தயாராக இருந்தது. என்ன ஜென்மம் நான்!

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இல்லத்துச் சுடிதார், தொளதொளவென்று. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கையில் மருதாணி நகத்தோரம் மட்டும் மிச்சம் இருந்தது. அதிகாரி தள்ளி நின்றுகொண்டார்.

"சாப்பிட்டியா?" என்றேன். தலையாட்டினாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. "நீ வராதப்பவும் வந்தேன்னு எழுதிட்டேன், நாகஜோதி. அதுனாலதான் ஒன்னையக் கூட்டிட்டு வர லேட் ஆயிருச்சு. தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

"மேடம் சொன்னாங்க" என்றாள்.

பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அன்னைக்கு வெள்ளிக்கெழம. மொத பீரியட் நமக்குப் பாட்டு. மண்டபத்துல செவுத்துக் கடிகாரம் இருந்துச்சு. ஒம்போதரைக்கு நீங்க கிளாஸுக்குள்ள வருவீங்க. இந்த ஸ்கூல்ல கிளாஸுக்குக் கிளாஸ் என் பேரச் சொல்லிக் கூப்புட்டது நீங்க ஒருத்தருதான். நான் இல்லைனா எங்கன்னு கேப்பீங்க, கேட்டா தெரிஞ்சுரும், யாராச்சும் கெளம்பி வந்துருவாங்கன்னு நெனச்சேன். பத்து மணி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தேன் மிஸ். பத்தேகாலுக்குத்தான் தாலி கட்டுனாங்க."



அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "நான் வரலைங்கிறத நீங்க பாத்தீங்களா மிஸ்? இல்ல, அம்பது பேருல தெரியலையா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக் கொடுத்த பதில்தான் அது. சொன்னால் ஏற்றுக்கொள்வாள், அவளுக்கும் அதுதான் லேசு. வாய் வரைக்கும் வந்தது.

"பாத்தேன்" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.